இரண்டு பொட்டலத்திலும் செவ்வரளி

நான் சாமியின் பெயரால் பொய் சொன்னவள். வாயால் அல்ல, கையால். மாரியம்மன் சந்நிதியில் பூக் கேட்டபோது, ஒன்றில் வெள்ளரளியும் மற்றொன்றில் செவ்வரளியுமாகக் கட்ட வேண்டிய இரண்டு பொட்டலங்களிலும் செவ்வரளியையே வைத்துக் கட்டினேன்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் சுற்றி வளைத்துப் பேசி, உங்கள் இரக்கத்தைச் சம்பாதித்துக்கொண்டு, கடைசியில் ஏதோ கை தவறிவிட்டது போல முடித்துவிடுவேன். என் சாமர்த்தியம் எனக்குத் தெரியும்!

ராசிபுரத்தில் பெண்கள் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை நான். கடைத்தெருவில் நடந்தால் தராசைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். "டீச்சரம்மா சொன்னாச் செரியாத்தானுங்க இருக்கும்" என்று என் காதுபடவே பேசிக்கொள்வார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசும். ஏன் கூசுகிறது என்று உங்களுக்கு விளங்க வேண்டுமானால் பாவாயியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்போது நான் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தற்காலிக ஆசிரியை. கலியாணமானவள்தான். கணவர் பினாங்குக்குக் கப்பலேறினார், போனவர் போனவர்தான். அண்ணன் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தேன். தற்காலிகம் என்றால் என்னவென்று தெரியுமா உங்களுக்கு? கோடை விடுமுறை முழுதும், பள்ளி திறந்தால் அந்த நாற்காலி நமக்கா வேறொருத்திக்கா என்று தெரியாமல், அண்ணி போடுகிற சோற்றைத் தலை நிமிராமல் தின்பது!

ஆனால் எனக்கு அந்த நாற்காலியே பிடிக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. அம்மா சேலம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது நான்தான் துணைக்கு இருந்தேன். வெள்ளை உடுப்புப் போட்ட நர்ஸ் ஒருத்தி வந்து நெற்றியில் கை வைத்தால் அம்மாவின் முனகல் அடங்கிவிடும். அம்மா பிழைக்கவில்லை. ஆனால் அந்தக் கை என் மனத்தில் தங்கிவிட்டது. நானும் நர்ஸாக வேண்டும்... பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்துக்கொண்டே நான் அந்த வார்டில்தான் நடந்துகொண்டிருந்தேன்.

பாவாயி குழந்தைக் கவுண்டரின் மகள். ஏறக்குறைய என் வயது. கலியாணமான மறு வருஷமே புருஷன் விஷக் காய்ச்சலில் போய்விட, வெள்ளைச் சேலையோடு தகப்பன் வீட்டுக்குத் திரும்பி வந்தவள். அவர்கள் குடும்பங்களில் அப்படித் திரும்பி வந்தவளுக்கு மாட்டுக்கொட்டகையும் சாணிக் கூடையும்தான் மிச்சம். விசேஷ வீடுகளில் அவள் முகம் முன்வாசலில் தெரியக் கூடாது.

சாயங்காலங்களில் அவள் என்னிடம் படிக்க வந்தாள். நான் சொல்லிக்கொடுத்து எட்டாம் வகுப்புப் பரீட்சை எழுதித் தேறினாள். நர்ஸ் கனவை அவளிடம் சொன்னவளும் நான்தான். சொன்னதோடு நான் இருந்துவிட்டேன், அவள் இருக்கவில்லை. ஊர் மருத்துவச்சியோடு பிரசவ வீடுகளுக்குப் போக ஆரம்பித்தாள். "வெள்ளச் சேலைக்காரி எதுக்கு இங்க?" என்று முகம் சுளித்தவர்களே, வலி கூடியதும் "பாவாயி எங்க?" என்று கேட்டார்கள். அவளுக்கு அப்படி ஒரு கைவாகு.

ஒருநாள் பள்ளிக்கூடத்துப் படியில் ஒரு குழந்தை விழுந்து நெற்றி பிளந்துவிட்டது. ரத்தத்தைக் கண்டதும் எனக்குக் கண் இருட்டிற்று, சுவரோரமாக உட்கார்ந்துவிட்டேன். தற்செயலாக வந்த பாவாயி ஓடிப்போய், தன் முந்தானையைக் கிழித்துக் காயத்தை அழுத்திக் கட்டி, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கதை சொல்லத் தொடங்கினாள். எல்லோரும் அவளை மெச்சினார்கள். நானும் மெச்சினேன். ஆனால் உள்ளே ஏதோ எரிந்தது. ஆசை என்னுடையது... தைரியம் மட்டும் அவளுடையதா?

இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பயம்தான் என்னைக் கெடுத்தது என்று பின்னால் நான் சொல்லப் பார்ப்பேன். அது பாதி உண்மைதான்.

சேலம் அஸ்தம்பட்டியில் அம்மாவுக்கு வைத்தியம் பார்த்த லேடி டாக்டர் குடியிருந்தார். நானும் பாவாயியும் குழந்தைக் கவுண்டரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போய் அவரைப் பார்த்தோம். "மெட்ராஸ்ல டிரெயினிங் இருக்கு. ரெண்டு பேரும் போறதா இருந்தா நான் எழுதி இடம் வாங்கித் தரேன்" என்றார்.

கவுண்டர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். "டீச்சரம்மா கூடப் போனாங்கன்னா இவளையும் அனுப்பறனுங்க. ஒத்தையில அனுப்பறதுக்கு எனக்கு மனசு வராதுங்க."

திரும்பி வரும் பஸ்ஸில் பாவாயி என் கையை விடவே இல்லை. "ஏனுங் டீச்சரம்மா, மெட்ராசுலயும் கெணறு இருக்குமுங்களா? தண்ணி எறச்சுக் குடிக்கலாமுங்களா?" என்று கேட்டாள். புருஷன் போன பிறகு அவள் பல் தெரியச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த வாரம் பெண் பள்ளிகளை மேற்பார்வை பார்க்கும் இன்ஸ்பெக்டர் அம்மாள் வந்தார். என் வகுப்பைப் பார்த்தார். குடையை மடக்கிக்கொண்டே, "ராசிபுரம் ஸ்கூல்ல பர்மனெண்டா ஒரு இடம் காலியாகுது. வரியா? யோசிச்சுச் சொல்றேன்னா வேற ஆளப் போட்டுடுவேன்" என்றார்.

நான் எவ்வளவு நேரம் யோசித்திருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? மூச்சு விடும் நேரம்கூட இல்லை.

"வரேன் அம்மா" என்றேன்.

நிரந்தரம்! பென்ஷன்! அண்ணியின் முகத்தைப் பார்த்துச் சோறு தின்ன வேண்டாம்! மெட்ராஸில் இங்கிலீஷ் தெரியாமல் விழிக்க வேண்டாம். ரத்தத்தைக் கண்டு மயங்கி விழுந்து ஊர் திரும்ப வேண்டாம்... ஆனால் ஆசையை நான் விட்டுவிடவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு வருஷம் இந்த வேலை. கையில் கொஞ்சம் சேர்ந்ததும் மெட்ராஸ். வேலையை ஒப்புக்கொண்ட வாயாலேயே ஆசையையும் காப்பாற்றிவிட்டதாக நினைத்தேன்.

பாவாயியிடம் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டேன். அவளோ ஒரு தகரப் பெட்டிக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்தாள்.

அதற்குள் அவர்கள் உறவுக்காரர்கள் கிளம்பினார்கள். தாலி அறுத்தவள் பட்டணம் போய்க் கண்டவர்களின் மலம் மூத்திரம் அள்ளுவதா என்று ஒரே கூச்சல். குழந்தைக் கவுண்டர் நாலு பக்கமும் பேச்சு வாங்கி, ஒருநாள் பள்ளிக்கே வந்துவிட்டார்.

"ஒறம்பரச் சனமெல்லாம் ஒன்னு சொல்லுது, என்ற மனசு ஒன்னு சொல்லுதுங்க. ஆத்தாகிட்டப் பூக் கேட்டுருவோம். வெள்ள வந்தா நீங்க ரெண்டு பேரும் பொட்டியக் கட்டுங்க. செவப்பு வந்தா இந்தப் பேச்சையே உட்டுருவோம். பூ மட்டும் நீங்க கட்டிக் குடுங்க டீச்சரம்மா. ஊருல ஆரு கட்டுனாலும் அந்தப் பக்கம் இந்தப் பக்கம்னு பேச்சு வரும். உங்களை ஆரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க."

எங்கள் பக்கத்தில் கலியாணம், கிணறு வெட்டுவது, நிலம் வாங்குவது எதுவானாலும் மனம் துணியாதபோது இப்படித்தான் கேட்பார்கள். வெள்ளரளி, செவ்வரளி இரண்டையும் தனித்தனியே இலையில் மடித்து நாரால் கட்டி, சாமி காலடியில் போட்டு ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை என்றால் உத்தரவு. சிவப்பு என்றால் வேண்டாம். அதற்கு மேல் பேச்சே கிடையாது. பொட்டலம் கட்டுகிறவர் மறைவில் கட்ட வேண்டும். எந்தப் பொட்டலத்தில் எந்தப் பூ என்று எடுப்பவருக்குத் தெரியக் கூடாது.

கோயிலுக்குப் பின்னால் அரளிச் செடிகளின் நடுவே நான் தனியாக நின்றேன். வெள்ளை ஒன்றும் சிவப்பு ஒன்றும் பறித்துவிட்டேன். பறிக்கும்வரை எனக்கு அந்த எண்ணம் இல்லை என்று சத்தியம் செய்வேன். என் சத்தியத்துக்கு என்ன மதிப்பு என்கிறீர்களா? அதுவும் சரிதான்.

வெள்ளை வந்தால்? நான் ராசிபுரம் வேலைக்கு ஒப்புக்கொண்டுவிட்டேன் என்று அத்தனை பேர் நடுவிலும் சொல்ல வேண்டும். பயந்தாங்கொள்ளி என்று பாவாயி பார்ப்பாள். அது மட்டுமா? மகள் முகத்தைப் பார்த்துக் கவுண்டர் மனம் இளகிவிடுவார். டாக்டரம்மாள் வேறு ஒரு துணையைத் தேடித் தருவார். பாவாயி நான் இல்லாமலே போய்விடுவாள்! என் கனவை எடுத்துக்கொண்டு அவள் போவாள். நான் இங்கே அ, ஆ சொல்லிக்கொண்டிருப்பேன்...

சிவப்பு வந்தால்? யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். சாமியே சொல்லியாயிற்று.

வெள்ளைப் பூவைக் கசக்கி வாய்க்காலில் விட்டேன். இன்னொரு செவ்வரளியைப் பறித்தேன். பூவரச இலையில் மடித்து நார் சுற்றும்போது என் கை நடுங்கவில்லை. அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்.

பூசாரி பொட்டலங்களைத் தட்டில் போட்டுக் குலுக்கி அம்மன் காலடியில் வைத்தார். பாவாயி வெள்ளைச் சேலைக்காரி என்பதால் மண்டபத்துக்குள் வரவில்லை. வெளியே வேப்ப மரத்தடியில் நின்றாள். கவுண்டர் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் முணுமுணுத்தார். பிறகு ஒன்றை எடுத்துப் பூசாரியிடம் நீட்டினார்.

"செவப்புங்க" என்றார் பூசாரி.

அப்போது பாவாயியின் தாய் முன்னால் வந்து தட்டை நோக்கிக் கையை நீட்டினாள். "அந்த இன்னொன்னையும் ஒருக்காப் பிரிச்சுப் பாத்துரலாமுங்களே... மனசு கேக்க மாட்டீங்குது."

அவள் விரல் பொட்டலத்தைத் தொட்டுவிட்டது! நாரின் முடிச்சைக்கூடப் பிடித்துவிட்டாள்!

"உத்தரவு வந்ததுக்கப்பறம் பிரிச்சா ஆத்தாள நம்பலீன்னு ஆயிருமுங்க. கெணத்துல போட்டுருங்க" என்று பூசாரி அதட்டினார்.

"குடுங்க, நான் போட்டர்றேன்" என்று பாய்ந்து வாங்கினேன். வாங்கின வேகத்தில் அவள் கையை நகத்தால் கீறிவிட்டேன். கோயில் கிணற்றில் பொட்டலம் மிதந்தது. அது ஊறி அமிழ்வதற்குள் யாராவது எட்டிப் பார்த்துவிடுவார்களோ என்று கைப்பிடிச் சுவரை விட்டு நகராமல் நின்றேன்.

பாவாயி அழவில்லை. என்னிடம் வந்து, "நீங்க வெசனப்படாதீங்க டீச்சரம்மா. என்னால உங்க ஆசையும் போச்சு" என்றாள்.

கேட்டீர்களா? எனக்கு ஆறுதல் சொன்னாள்! அடுத்த மாதம் நான் ராசிபுரத்தில் நிரந்தர வேலையில் சேர்ந்தபோது ஊரே சொல்லிற்று: ஒரு காரணத்தோடுதான் ஆத்தா டீச்சரம்மாளை நிறுத்தி வைத்தாள் என்று.

கவுண்டர் மட்டும் சரியாக இல்லை. ஒருமுறை சந்தையில் என்னைத் தனியே அழைத்து, "வெள்ளதான் வரோணும்னு வேண்டிக்கிட்டுத்தானுங்க கைய வெச்சேன். என்ற கை ராசியில்லாத கைங்க. எம் புள்ளைக்கு நானே கெடுதல் பண்ணிப்புட்டேன்" என்றார். நான் அவருக்குச் சமாதானம் சொன்னேன். நானே! அந்த நினைப்போடுதான் அவர் செத்துப் போனார்.

ஒரு வருஷம் என்று சொன்னேன் அல்லவா? ஒவ்வொரு ஜூன் மாதமும் அடுத்த ஜூன் என்று சொல்லிக்கொண்டேன். மெட்ராஸ் போகவில்லை. நாளடைவில் அந்தக் கனவை நினைப்பதையே விட்டேன். ஆனால் அரளிப் பூவைக் கண்டால் வழி மாறிப் போகிற பழக்கம் வந்துவிட்டது. பாவமன்னிப்புக்காக இதைச் சொல்லவில்லை. இதோடு முடிந்திருந்தால் உங்களிடம் இதையெல்லாம் சொல்லியிருக்கவே மாட்டேன்.

பாவாயி விட்டது மெட்ராஸை மட்டும் அல்ல. பிரசவம் பார்க்கும் வேலையையே விட்டுவிட்டாள். மருத்துவச்சி எத்தனையோ தடவை கூப்பிட்டும் போகவில்லை. ஆத்தா வேண்டாம் என்று சொன்ன வேலை. தன் கை பட்டால் அடுத்தவர்களுக்கு ஆகாது என்று நம்பினாள். நான் கட்டிய பொட்டலம் அவள் கையையே கட்டிப்போடும் என்று எனக்கு அன்று தோன்றவில்லை.

சில வருஷங்கள் போயின. யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடின. ஓடியதைவிட நின்றதே அதிகம். ஒரு சனிக்கிழமை பாவாயியைப் பார்க்கப் போயிருந்தேன். அவள் தம்பி மனைவி நல்லம்மாளுக்குக் காலையிலிருந்து வலி. மருத்துவச்சி வேறு ஊருக்குப் போய்விட்டாள். ராசிபுரத்து ஆஸ்பத்திரி நர்ஸை அழைத்துவரத் தம்பி மாட்டு வண்டியைப் பூட்டிக்கொண்டு போயிருந்தான்.

உச்சி வெயில். உள்ளேயிருந்து நல்லம்மாளின் அலறல் கேட்டது. பிறகு அலறல் ஓய்ந்து முனகலாயிற்று. அது இன்னும் மோசமாக இருந்தது. பாவாயியின் தாய் தலைமயிர் கலைய வெளியே ஓடி வந்தாள்.

"பாவாயி, காலு வருதுடி! தலை வர்ல, காலு வருது! உள்ள வாடி! பிரசவம் பாத்த கைடி உன்னுது!"

பாவாயி மாட்டுக்கொட்டகை வாசலில் நின்றாள். இரண்டு கையையும் அக்குளுக்குள் இடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் உடம்பு முழுதும் உள்ளே ஓடத் துடித்ததை நான் பார்த்தேன்.

"ஆத்தா வேண்டாம்னு சொன்ன வேலைம்மா. நாந் தொட்டா ரெண்டு உசுருக்கும் ஆகாது."

"அட பாவி மவளே, வாடி!"

பாவாயி என் பக்கம் திரும்பினாள். "நீங்களே சொல்லுங்க டீச்சரம்மா. அன்னிக்குக் கூட இருந்தவங்க நீங்கதான. நாந் தொடலாமுங்களா?"

என்னைக் கேட்டாள்... என்னை!

ஒரே ஒரு வாக்கியம் போதும். "அந்தப் பூ பொய், பாவாயி, போ உள்ளே!" அவ்வளவுதான். அது நாக்கு நுனிவரை வந்தது. முற்றத்தில் உறவுக்காரப் பெண்கள் நின்றுகொண்டு என் வாயையே பார்த்தார்கள். தலைமையாசிரியை பதவிக்கு என் பெயரைச் சிபாரிசு செய்திருந்த மாதம் அது. அந்த நினைப்பு அப்போது என் மனத்தில் ஓடியதா என்று கேட்காதீர்கள். ஓடியது!

"வண்டி வந்துடும்... கொஞ்சம் பொறு" என்றேன்.

வண்டி வந்தது. நர்ஸ் இறங்கி உள்ளே ஓடினாள். நல்லம்மாள் பிழைத்துக்கொண்டாள். குழந்தை பிழைக்கவில்லை. ஆண் குழந்தை.

பாவாயி தொட்டிருந்தால் குழந்தை பிழைத்திருக்குமா? எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் வழியையே நான் அடைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு என்னால் பள்ளியில் உட்கார முடியவில்லை. வேலை போனாலும் போகட்டும், ஊர் காறித் துப்பினாலும் துப்பட்டும் என்று ஒருநாள் புறப்பட்டுப் போனேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். பாவாயி தவிடு கலந்துகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும், பாவாயி. அன்னிக்குப் பூக் கேட்டோமே..."

"அதையேதானுங்க நானும் நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்று அவள் முந்திக்கொண்டாள். "நல்லவேளைங்க, அன்னிக்கு நாந் தொடல. தொட்டிருந்தா நல்லம்மாளும் போய்ச் சேந்துருப்பா. ஆத்தாளுக்கு இத்தன வருசம் முன்னாலயே தெரிஞ்சிருக்குது, அதனாலதான் செவப்புக் குடுத்துத் தடுத்துருக்கா. அத நெனச்சாத்தானுங்க எனக்குத் தூக்கமே வருது. இல்லீன்னா, கூப்புடக் கூப்புட உள்ள போவாம நின்னுட்டனேன்னு கெணத்துல உளுந்துருப்பனுங்க."

நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"என்னமோ சொல்ல வந்தீங்களே?" என்றாள்.

"ஒண்ணுமில்லே" என்றேன்.

உண்மையைச் சொன்னால் அவள் கிணற்றில் விழுவாள். சொல்லாவிட்டால் ஆத்தாளைக் கும்பிட்டுக்கொண்டே இருப்பாள். இதில் எது இரக்கம், எது கோழைத்தனம்? எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அவளுக்காகத்தான் மௌனமாக இருக்கிறேன் என்று சொல்லிக்கொள்ள எவ்வளவு வசதியாக இருக்கிறது பாருங்கள்! அன்றும் எனக்கு வசதியான பக்கம்தான் சாமி இருந்தது. இன்றும் அப்படியே இருக்கிறது.

வெயிலில் வந்திருக்கிறேன் என்று அவள் உள்ளே போய்ச் சொம்பு நிறைய மோர் கொண்டுவந்து கொடுத்தாள். உப்பும் கறிவேப்பிலையும் போட்டிருந்தாள். தொண்டை அடைத்துக்கொள்ளும் என்றுதான் நினைத்தேன்... அடைக்கவில்லை. முழுவதையும் குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தேன்.